மூன்று சைட்டேஷன், ஒரே தீர்ப்பு

நான் கொடுத்த மூன்று தீர்ப்பு நகல்களையும் நீதிபதி மேசைமேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் தாளில் விரலை வைத்தார். பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க பெஞ்ச் கிளார்க் ஒரு கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று நீதிபதி கையைக் காட்டினார்.

"மேடம், இந்த மூணு தீர்ப்பும் என்ன தேதி?"

என் கையிலிருந்த பிரதிகளைப் புரட்டினேன். மூன்றிலும் ஒரே தேதி.

"எழுதின நீதியரசர் யாரு?"

மூன்றிலும் ஒரே பெயர்.

"அப்ப இது மூணா, ஒண்ணா?"

எனக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், என் கட்சிக்காரர் செல்வராணி அக்கா உட்கார்ந்திருந்தது மட்டும் முதுகில் தெரிந்துகொண்டே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவரிடம்தான் சொல்லியிருந்தேன்: "கவலைப்படாதீங்க அக்கா, நமக்கு மூணு தீர்ப்பு இருக்கு."

பத்திரத்தில் இல்லாத ஒரு வரி

சேரன்மகாதேவிக்கு மேற்கே, வயலும் வாழையுமான ஒரு சின்ன ஊர் செல்வராணி அக்காவுடையது. வீட்டுக்காரர் பெயர் இசக்கிமுத்து. அவருடைய அப்பா காலத்தில் ரோட்டை ஒட்டி வாழைத் தோட்டம், அதற்குப் பின்னால் வீடு, எல்லாம் ஒரே சொத்து. பிறகு அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தோட்டம் அண்ணனுக்கு, வீடு தம்பிக்கு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வண்டிப்பாதை தோட்டத்தின் ஊடே போகிறது. பத்திரம் எழுதியவர் அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் பாதைக்கு எதற்கு எழுத்து என்று அன்றைக்கு எல்லோருமே நினைத்திருப்பார்கள்.

அப்புறம் இருவருக்கும் பேச்சு நின்றது. அண்ணன் பாதையின் குறுக்கே கல்தூண் நட்டார். கம்பி இழுப்பதுதான் பாக்கி.

இசக்கிமுத்துவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும். போகும்போதாவது ஆள் பிடிமானத்தோடு நாலு எட்டு வைப்பார். திரும்பும்போது அதுவும் இல்லை. ஆட்டோ வாசல்வரை வந்தாக வேண்டும்.

வீட்டுக்குப் பின்புறம் கால்வாய்க் கரை இருக்கிறது. ஒரு ஆள் நடக்கலாம். "அதுதான் வேற வழி இருக்கே" என்பது எதிர்த்தரப்பு வாதம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு வழியே இல்லை என்றால்தான் அடுத்தவர் நிலத்தில் பாதை கேட்க முடியும் என்பது பொதுவான விதி. ஆனால் ஒரே சொத்தாக இருந்து பாகம் பிரிந்தது என்றால் கதை வேறு. பிரிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புழங்கிவந்த பாதை, பத்திரத்தில் எழுதாவிட்டாலும், பிரித்த பிறகும் தொடரும். வழக்கு முடியும்வரை பாதையை அடைக்கக்கூடாது என்று ஒரு தடை உத்தரவு கேட்டிருந்தோம். விசாரணை நாளில் என் சீனியருக்கு மதுரை ஐகோர்ட்டில் வேறு கேஸ். "நீயே பேசிரு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு அப்போது வக்கீலாகப் பதிவு செய்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பயப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

சிவப்பும் பச்சையும்

சட்டக் கல்லூரியில் எங்கள் செட்டுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பஸ்ஸில் போகும்போது ஒருத்தி ஒரு தீர்ப்பு அச்சான வருடமும் பக்க எண்ணும் சொல்வாள். மற்றவள் வழக்கின் பெயரைச் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் வண்ணார்பேட்டையில் இறங்கி டீ வாங்கித் தரவேண்டும். நான் டீ வாங்கிக் கொடுத்தது குறைவு.

வக்கீல் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, சைட்டேஷன் என்கிற இந்த எண்கள் விசித்திரமாகத் தோன்றும். தீர்ப்பு கோர்ட்டில் பிறக்கிறது. ஆனால் அதற்கு விலாசம் கொடுப்பது புத்தகக் கம்பெனி. சிவப்பு அட்டைக்காரர் அந்தத் தீர்ப்பைத் தன் ஜர்னலில் ஒரு பக்கத்தில் போடுவார். பச்சை அட்டைக்காரர் வேறொரு பக்கத்தில் போடுவார். கம்ப்யூட்டர் கம்பெனி பக்கமே இல்லாமல் ஒரு நீள எண் கொடுக்கும். மூவருமே தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக ஒரு தலைக்குறிப்பு எழுதுவார்கள். ஹெட்நோட் என்போம். தீர்ப்பின் வாசகம் யாருக்கும் சொந்தமில்லை. ஹெட்நோட் எழுதியவருக்குச் சொந்தம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொடக்கூடாது. அதனால் ஒரே தீர்ப்புக்கு மூன்று கம்பெனியும் மூன்று விதமாக எழுதும், எழுதியாக வேண்டும்.

எங்கள் வக்கீல் சங்கத்துக்கு மாதம் ஒருமுறை காதர் அண்ணாச்சி வருவார். மேலப்பாளையத்துக்காரர், ஜர்னல் ஏஜென்ட். தோளில் ஒரு தோல் பை, கையில் மாதிரிப் புத்தகம். வெகுகாலம் சிவப்பு விற்றவர், திடீரென்று ஒருநாள் பச்சையோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, போன வருசம்வரை சிவப்பு மாதிரி உண்டான்னு சொன்னிய?"

"போன வருசம் சிவப்புல இருந்தேம்மா. அல்லா சத்தியமா சொல்லுதேன், இப்ப பச்சைதான் ஒசத்தி."

"உள்ள இருக்கது அதே தீர்ப்புதான?"

"தீர்ப்பு ஒண்ணுதாம்மா. ஆனா தீர்ப்ப இங்க எவுக வாசிக்காவ? ஹெட்நோட்ட வாசிச்சிட்டு ஓடுதாவ. நாங்க விக்கது அதத்தான்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சத்தமாகச் சிரித்தேன்.

என் சீனியர் அலுவலகத்தில் பல வருடச் சிவப்பு இருந்தது. நடுவில் கம்பெனியோடு ஏதோ மனத்தாங்கல், பச்சைக்கு மாறினார். மாறிய அந்த ஒன்றிரண்டு வருடம் மட்டும் இரண்டு நிறமும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நான் தேடிய தீர்ப்பு அந்த வருடத்தில்தான் இருந்தது.

மூன்று கண்டுபிடித்தேன்

விசாரணைக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் சிவப்பில் ஒன்று கிடைத்தது. ஹெட்நோட் பாதை உரிமையைப் பற்றிப் பேசியது. சாப்பிட்டுவிட்டுப் பச்சையில் இன்னொன்று எடுத்தேன். அதன் ஹெட்நோட் இடைக்காலத் தடை உத்தரவைப் பற்றி. பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். அங்கே மூன்றாவது, பாகப்பிரிவினைப் பத்திரத்தை எப்படிப் பொருள் கொள்வது என்று. மூன்றிலும் கட்சிக்காரர்களின் பெயர் வேறு வேறு.

எப்படி வேறாகும்? பிற்பாடு உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. அது இரண்டு அப்பீலுக்குச் சேர்த்துச் சொன்ன ஒரே தீர்ப்பு. சிவப்புக்காரர் முதல் அப்பீலின் பெயரில் போட்டிருந்தார். பச்சைக்காரர் இரண்டாவதின் பெயரில். வழக்கு நடக்கும்போதே ஒரு தரப்பு இறந்துவிட்டதால், கம்ப்யூட்டர்காரர் வாரிசின் பெயரில் போட்டிருந்தார். மூவரும் பொய் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஐகோர்ட்டே தீர்ப்புக்கு ஒரு பொது எண் கொடுக்கிறது. எந்தக் கம்பெனி புத்தகத்தில் பார்த்தாலும் அந்த எண் ஒன்றுதான். இந்தத் தீர்ப்பு அந்த வழக்கம் வருவதற்கு முந்தையது. ஆனால் தேதி இருந்தது. நீதியரசர் பெயர் இருந்தது. இருபத்துச் சொச்சம் பக்கம் இருந்தது. வாசித்திருந்தால் இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

நான் வாசிக்கவில்லை. ஹெட்நோட்டுகளில் மஞ்சள் கோடு போட்டேன். ஜெராக்ஸ் எடுத்தேன். எதிர்த்தரப்புக்கும் ஒரு செட் கட்டினேன்.

கோர்ட்டில்

எதிர்த்தரப்பு வக்கீல் பால்துரை அண்ணாச்சி. இருபது வருட அனுபவம், குரலை உயர்த்தமாட்டார். நீதிபதி "மூணா, ஒண்ணா?" என்று கேட்டதும் அவர் பைய எழுந்தார்.

"அய்யா, ஒரே சாட்சிய மூணு சட்டை மாத்திக் கூண்டுல ஏத்துனா, மூணு சாட்சி ஆயிருமாங்கதுதான் என் கேள்வி."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் டவாலிகூடத் திரும்பி நின்று சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை.

"வேணும்னு செஞ்சதா நான் நினைக்கல. வாசிக்காம கொடுத்திருக்கீங்க. பரவாயில்ல, ஒண்ணுன்னாலும் தீர்ப்பு தீர்ப்புதான். சொல்லுங்க, பிரிக்கிறதுக்கு முன்னாடியே பாதை இருந்துச்சுன்னு அந்தக் கேஸ்ல எதை வச்சு முடிவு பண்ணினாங்க?"

மூன்று ஹெட்நோட்டிலும் அதற்குப் பதில் இல்லை. பக்கங்களைப் புரட்டினேன். எழுத்துகள் நகர்ந்தன. நீதிபதி ஐந்து நிமிடம் பொறுத்தார். அது ஒரு முன்சீப் கோர்ட்டில் பெரிய கருணை. கடைசியில் "உத்தரவுக்காக" என்று எழுதி அடுத்த கேஸை அழைக்கச் சொன்னார்.

நாலு நாளில் உத்தரவு வந்தது. பாதை முன்பே புழக்கத்தில் இருந்ததற்கு முகாந்திரமாக எதுவும் காட்டப்படவில்லை; மனு தள்ளுபடி.

வராண்டாவில் சொன்னது

மனு தோற்றால் கட்சிக்காரரிடம் சொல்ல எங்கள் கோர்ட் வராண்டாக்களில் ஒரு வழக்கமான வாக்கியம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சொல்வோம். கேட்பவர்களும் நம்புவார்கள்.

"ஜட்ஜ் கேக்கல அக்கா."

செல்வராணி அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு தீர்ப்பு இருந்துமா?"

"ஆமா."

"அப்ப அவரு என்னத்துக்கு அங்கன இருக்காரு?"

அப்பீல் போடலாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்த வாரமே கம்பி இழுத்துவிட்டார்கள்.

கரையில்

அப்பீல் காகிதத்தில் கையெழுத்து வாங்க நான் அந்த ஊருக்குப் போனது பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு. முதல்முறையாக அப்போதுதான் போகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்குப் போட்டபோது எங்கள் குமாஸ்தா வரைந்த வரைபடம்தான் எனக்குத் தெரிந்த இடம்.

டயாலிசிஸ் நாள். இசக்கிமுத்துவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் இடுப்பைக் கட்டி, நாற்காலிக்கு அடியில் இரண்டு மூங்கில் கம்பு கட்டியிருந்தார்கள். முன்னால் செல்வராணி அக்கா. பின்னால் பிடிக்கிற பக்கத்து வீட்டுக்காரர் நாற்று நடவுக்குப் போய்விட்டார். நான் ஃபைலை இசக்கிமுத்துவின் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் பிடித்தேன்.

கால்வாய் கரைமுட்டி ஓடியது. ராத்திரி மழையில் மண் சேறாகிக் கிடந்தது. செல்வராணி அக்கா ஒவ்வொரு பத்தடிக்கும் அந்த நீதிபதியைத் திட்டினார்.

"நல்லாருப்பானா அவன்? அவன் வீட்டு நடையும் ஒருநாள் இப்படி அடைபட்டுக் கெடக்கணும்."

"ஏட்டி, சும்மா வா," என்றார் இசக்கிமுத்து. "ஒனக்குத்தான் மூச்சு வாங்குது. அந்த ஆளுக்கு அங்கன ஒண்ணும் ஆவாது."

"ஆவணும். நான் விடுத சாபம் சும்மா போவாது."

பாதித் தூரத்தில் என் செருப்பு வழுக்கியது. நாற்காலி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. இசக்கிமுத்து டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். செல்வராணி அக்கா முன்னால் முழங்காலிட்டு எடையை முழுக்கத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். நாற்காலி நின்றது. ஃபைல் கால்வாயில் போய்விட்டது.

எழுந்து கம்பைப் பிடிக்கும்போது செல்வராணி அக்கா மறுபடி ஆரம்பித்தார். "எல்லாம் அந்த ஜட்ஜு..."

"அக்கா, ஜட்ஜ் மேல தப்பில்ல," என்றேன். "தப்பு என் மேல."

நடந்துகொண்டே சொன்னேன். அவர் முதுகைப் பார்த்துச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. மூன்று தீர்ப்பு இல்லை, ஒன்றுதான் என்று. அதையும் நான் வாசிக்கவில்லை என்று. நீதிபதி கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன் என்று.

ரோடு வந்தது. நாற்காலியை இறக்கினோம். செல்வராணி அக்கா வீட்டுக்காரரை ஆட்டோவுக்குள் ஏற்றி, காலை மடக்கி வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா அந்த மனுசன மண்ணாப் போன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும்."

"இனிமே நான் யாரத் திட்ட?"

"என்னத் திட்டுங்க அக்கா."

"நீங்கதான் நாற்காலி தூக்குதியளே. எப்படித் திட்ட?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்டோ கிளம்பும்போது கேட்டார்: "அந்தத் தீர்ப்பு இப்ப இருக்கா? ஏறுங்க. அங்கன நாலு மணி நேரம் சும்மாதான் இருக்கணும். முழுசும் வாசிச்சுச் சொல்லுங்க."

நாலு மணி நேரம்

ஃபைல் தண்ணீரில் போனாலும் தீர்ப்பு போனில் இருந்தது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில், இரும்பு நாற்காலிகளின் வரிசையில், முதல் பத்தியிலிருந்து ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, தமிழில் சொல்வேன். அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "யாரு தோட்டம் முன்னால?" "அண்ணன் தம்பியா, பங்காளியா?" "அவியளுக்கும் பின்னால வீடா?" எனக்கு வழக்காக இருந்தது அவருக்கு யாரோ ஒரு குடும்பத்தின் சமாச்சாரம். பத்தொன்பதாம் பத்திக்கு வந்தபோது உள்ளே சிகிச்சை பாதி முடிந்திருந்தது.

அந்தப் பத்தியில் இருந்தது இதுதான். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து இடத்தைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறது. அவர் பாதையில் கிடந்த பழைய கல்லில் வண்டிச் சக்கரம் தேய்ந்த தடத்தை அளந்து அறிக்கை கொடுத்திருக்கிறார். அதை வைத்துத்தான் பாதை முன்பே இருந்தது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நீதிபதி என்னிடம் கேட்டது இதைத்தான்.

மூன்று கம்பெனி ஆசிரியர்களில் ஒருவரும் கல்லைப்பற்றி எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தேடியது சட்டத்தை. கல் சட்டமில்லை.

செல்வராணி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தடம்னா, பள்ளமா விழுந்திருக்குமே, அதுவா?"

"ஆமா."

"நம்ம வண்டிப்பாதையில இருக்க கல்லுப்பாலத்துலயும் கெடக்கே. வாய்க்கா மேல போட்டிருக்க கல்லு. எங்க மாமனாரு மாட்டுவண்டி வச்சிருந்தாவல்லா. இப்ப அதுமேல இவுக அண்ணன் வாழைச்சருகு கொட்டி வச்சிருக்காவ." என்னை உற்றுப் பார்த்தார். "அத வந்து பாருங்கன்னு நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அதே நீதிபதி முன்

அப்பீல் காகிதத்தைப் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கி மேல்கோர்ட்டில் போட்டேன்; மூல வழக்கு இன்னும் அதே முன்சீப் கோர்ட்டில்தான் இருந்தது. கல்லைப் பெயர்த்துவிடுமுன் கமிஷனரை அனுப்பவேண்டும் என்று மறுவாரமே மனுப் போட்டேன். நீதிபதி மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு எத்தனை தீர்ப்பு மேடம்?"

"ஒண்ணுதான் அய்யா. பத்தொன்பதாம் பத்தி."

"வாசிச்சாச்சா?"

"முழுசும். என் கட்சிக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

பால்துரை அண்ணாச்சி ஆட்சேபித்தார். ஆனால் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. நீதிபதி பத்தொன்பதாம் பத்தியைத் தானே ஒருமுறை வாசித்தார். கமிஷனரை நியமித்தார்.

கமிஷனர் வந்த அன்று வெயில். செல்வராணி அக்கா சருகை ஒதுக்கி, விளக்குமாற்றால் கூட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். கருங்கல்லில் இரண்டு பள்ளம், ஓரம் வழுவழுவென்று. கம்பிவேலி சரியாக அதன் நடுவில் போயிற்று.

"அது மழைத்தண்ணி அரிச்சது வே," என்றார் இசக்கிமுத்துவின் அண்ணன்.

கமிஷனர் டேப்பை விரித்துக்கொண்டே, "மழைத்தண்ணி இப்படி ரெண்டு கோடா, நேராவா அரிக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பால்துரை அண்ணாச்சி குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார். தன் கட்சிக்காரரைப் பார்க்காமலேயே, "அளந்து எழுதிக்கிடுங்க," என்றார். அவரிடம் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

பாதை திறந்த அன்று

அறிக்கையை வைத்து அப்பீலில் வாதாடினேன். வழக்கு முடியும்வரை பாதையை அடைக்கக்கூடாது, கம்பியை எடுக்கவேண்டும் என்று உத்தரவானது. இந்த உத்தரவு எந்த ஜர்னலிலும் வராது. சிவப்பிலும் பச்சையிலும் இதற்குப் பக்கம் கிடையாது. வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதற்குள் அறுவடை முடிந்துவிட்டது. அந்த மாதங்களில் இசக்கிமுத்துவின் உடம்பு பாதியாகியிருந்தது. கரையில் போன பயணங்களில் எத்தனை என் தவறுக்காகப் போனவை என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கம்பியை எடுத்த மறுநாள் டயாலிசிஸ். உத்தரவின் நகலோடு அதிகாலையிலேயே போய்விட்டேன். யாராவது மறித்தால் காட்டவேண்டுமே. இசக்கிமுத்துவின் அண்ணன் வாழைக்கு நடுவே நின்றார். செல்வராணி அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆட்டோ வாசலுக்கு வந்தது. அக்கா இசக்கிமுத்துவைத் தூக்கி உட்காரவைத்து, பக்கத்தில் ஏறி, அவருடைய இடது கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டார்.

"பையப் போ தம்பி," என்றார் டிரைவரிடம். "கல்லு வரும்."

ஆட்டோ கல்லின்மேல் ஏறி, ஒருமுறை குலுங்கி, இறங்கி, ரோட்டில் திரும்பிப் போனது. நகல் என் கையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.